உன் தோளில் இருக்கும் நாலு விரல்

இதனால் மந்தைவெளி, மயிலாப்பூர் மற்றும் சுற்றுவட்டாரத்துச் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முதல் அடியேனின் மூக்கு வீங்கியிருக்கிறது. பொதுமக்கள் தூரத்தில் நின்று தரிசிக்கலாம். தொட்டுப் பார்க்க அனுமதி இல்லை. மூக்குக்கண்ணாடி, மூக்குப்பொடி போன்றவற்றைக் காணிக்கையாகச் செலுத்த விரும்புவோர் ஒரு வாரம் பொறுக்கவும்.

சிரிக்காதே மச்சி. காரணத்தைக் கேள். நான் ரிங்கில் ஏறினேன். எதிரில் யூசுஃப். ஆமாம், ராயப்பேட்டை யூசுஃப்தான், உன்னை ஜெயித்தவன். அவனோடு ஒரு ரவுண்டு முழுசாக நின்றேன். இந்த மூக்கு அதற்குக் கிடைத்த பதக்கம். காலையிலிருந்து தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். ஐந்தாவதாக உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்து சேரும்.

உன் கிளவுஸ் இரண்டும் இப்போது என் மேஜைமேல் இருக்கின்றன. உங்கம்மாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் கிளம்புகிறேன், செருப்பை மாட்டுகிறேன், வாசல்வரை போகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. மூக்கு அடைத்துக்கொண்டு சாம்பார் கொதிப்பதுகூடத் தெரியவில்லை. ஆனால் கிளவுஸுக்குள் முகத்தை நுழைத்தால் மட்டும் எல்லாம் ஏறுகிறது. பழைய தோல். உன் வியர்வை. அதற்குமேல் உங்கம்மா போட்டு வைத்த பாச்சை உருண்டை. ஒரு வருஷமாகப் பூச்சி அரிக்காமல் இதைக் காப்பாற்றிவிட்டார் அவர். உன்னைத்தான் ஊர் அரித்துவிட்டது.

உனக்குச் செய்தி எதுவும் தெரியாது, சொல்கிறேன். செத்த பிறகு நீ ரொம்ப முன்னேறிவிட்டாய். இந்த வருஷம் ஊர்ப் பேரை மெட்ராஸிலிருந்து சென்னை என்று மாற்றினார்கள். கையோடு உன்னையும் மாற்றிவிட்டார்கள். உன் நினைவுப் போட்டிக்கு வைத்த பேனரில் 'தோல்வியே காணாத சென்னைச் சாம்பியன்' என்று எழுதியிருந்தது. நீ சண்டை போட்டதெல்லாம் மெட்ராஸில். சென்னையில் நீ ஒரு நாள்கூட இருந்ததில்லை.

உன் வெற்றிகள் வேறு குட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன. டீக்கடையில் ஒருத்தன் சொல்கிறான், மிலிட்டரிக்காரன் ஒருத்தனை ஒரே குத்தில் கயிற்றுக்கு வெளியே போட்டாயாம். நினைவிருக்கிறதா அந்த மிலிட்டரிக்காரன்? அன்றைக்கு அவன் வரவே இல்லை. உன் கையைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நாம் லஸ் முனையில் இறங்கி பஜ்ஜி தின்றுவிட்டு, ஜெயித்த களைப்பு தீர வீட்டுக்கு வந்து தூங்கினோம். இன்னொருத்தன் நீ ஒலிம்பிக் போயிருப்பாய் என்கிறான். தாம்பரம் பஸ்ஸிலேயே ஜன்னலோரம் கேட்டு வாந்தி எடுத்தவன் நீ.

எனக்கு இதில் என்ன எரிகிறது என்று யோசித்தேன். இருபது வயசில் ஒருத்தன் போய்விட்டால் அவனுக்கு மிச்சமிருந்த வருஷமெல்லாம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. ஆளாளுக்குக் கொஞ்சம் அள்ளிப்போய் இஷ்டத்துக்கு அதில் உன்னை ஜெயிக்க வைக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ எவனிடமாவது இரண்டு வாங்கியிருப்பாய். தொப்பை போட்டிருப்பாய். 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பித்து எங்களை அறுத்திருப்பாய். அதெல்லாம் நடக்காததால் உன்னைக் கல்லில் செதுக்குகிறார்கள். செதுக்கும்போது வேண்டாததைத் தட்டி எடுக்கத்தானே வேண்டும்? ப்ளஸ் ஒன்னில் இரண்டு தரம் கோட்டடித்து, இரண்டு வயசு சின்னவனான என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாயே, அது போச்சு. என் டிபன் பாக்ஸைத் திறந்து தின்றுவிட்டு மூடியை மட்டும் ஒழுங்காக மூடி வைப்பாயே, அது போச்சு. கடைசியில் யூசுஃபும் போனான்.

நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் மன்னித்துக்கொள். நேராக இருந்தபோதும் உனக்குப் புரிந்ததில்லை.

போன வருஷத்து ஃபைனலைப் பற்றி எழுத வேண்டும். அதற்கு முந்தின வருஷம் நீதான் சாம்பியன். இந்த முறை எதிரில் யூசுஃப், ராயப்பேட்டையில் அப்பாவின் கடையில் பைக் சீட் கவர் தைக்கிறவன். மூன்று ரவுண்டும் நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விடவே இல்லை. மூன்றாவது ரவுண்டில் உன் இடது கண் மூடிக்கொண்டது. நீ மூடின கண்ணோடு முன்னாலேயே போனாய். மணி அடித்தும் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை, ரெஃப்ரி நடுவில் புகுந்து பிரித்தார். பாயிண்டில் அவன் ஜெயித்தான். எனக்கு அழுகை வந்தது. நீ ஒரு கண்ணால் சிரித்துக்கொண்டு அவன் மூலைக்குப் போய் என்னவோ சொன்னாய். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"இன்னா சொன்ன அவன்கிட்ட?"

"நாளிக்கி பாண்டிபஜார் வான்னேன். ஸ்டூடியோல ஒரு போட்டோ எடுக்கணும்."

"தோத்தவன் எவனாச்சும் போட்டோ எடுப்பானாடா?"

"கண்ணு எப்டி ஊதிகினு கீது பாரு. நாலு நாள்ல எறங்கிடும், அதுக்குள்ள எடுத்துடணும். குடுத்தவனும் பக்கத்துல இருக்கணும்ல?"

எடுத்தீர்கள். நீ நாற்காலியில் நேராக உட்கார்ந்தாய், கறுத்துப் புடைத்த கண்ணோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. யூசுஃப் பின்னால் நின்று உன் தோளில் கையை வைத்தான். சின்ன வயசில் கடை ஷட்டரில் மாட்டி வளைந்துபோன அவனுடைய சுண்டு விரல், தோளில் கொக்கி போட்ட மாதிரி தொங்கியது. ஸ்டூடியோக்காரர் கண்ணைச் சரிபண்ணித் தரட்டுமா என்று கேட்டார். "அதுக்குத்தான் சார் வந்ததே" என்றாய்.

அன்று சாயங்காலமே நான் தெருவில் கூட்டம் சேர்த்து வர்ணனையை ஆரம்பித்துவிட்டேன். நீ நாக்-அவுட் சாம்பியன், நான் நாக்கு-அவுட் சாம்பியன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்ட காலம். 'இதோ விட்டான் ரைட்டு, இதோ விட்டான் லெஃப்டு' என்று நான் உன் குத்தாகவே அடுக்கிக்கொண்டு போனேன். பின்னாலிருந்து என் மண்டையில் ஒன்று விழுந்தது. திரும்பினால் நீ.

"வாங்குனதையும் சொல்லு மச்சி. குடுத்தத மட்டும் சொன்னா நான் தனியா நின்னு டான்ஸ் ஆடின மாரி கீது."

அதை அப்போது ஜோக் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது. தெருவிலும் சாக்கடை, குழாயிலும் சாக்கடை. உன் கண் இரண்டும் மஞ்சளாயின. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். "ஊசி போடுவாங்கடா." யூசுஃபின் லெஃப்டுக்கு முன்னால் முகத்தைக் காட்டினவன், நர்ஸ் கையில் இருக்கும் ஊசிக்கு நடுங்கினாய். உங்கம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார். நீ அதைக் குடித்துவிட்டு சரியாகிவிட்டது, சரியாகிவிட்டது என்றாய். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோன அன்று என்னை வேறு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாய். குடித்த தண்ணீரால் வந்தது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அவ்வளவுதான் அவர் சொன்னது.

காரியம் முடிவதற்குள் ஊர் வேறு சொன்னது. டீக்கடை பெஞ்சில் ஒரு பெரிய மனுஷன் வகுப்பே எடுத்தார். "காமாலைன்னா இன்னா? ஈரல் கெட்டுப்பூட்டதுனு அர்த்தம். ஈரல் எங்க கீது? வலப்பக்கம். யூசுஃப் லெஃப்ட்ல எங்க உட்டான்? வலப்பக்கம். கணக்கு சரியா பூட்ச்சா?" எல்லோரும் தலையாட்டினார்கள். சாம்பியன் குழாய்த் தண்ணீரில் சாகக் கூடாதாம். அதில் கௌரவம் இல்லையாம். உன் சாவு ஊர்வலத்துக்கு வந்த யூசுஃப் தெருமுனையிலேயே நின்றான். யாரோ ஒருத்தன் செருப்பை விட்டெறிந்தான். அவன் குனிந்து அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அதோடு கிளவுஸ் போடுவதையும் விட்டான். உன்னைப் புதைத்த கையோடு அவனையும் உயிரோடு புதைத்தாகிவிட்டது.

நம் பாக்ஸிங் கிளப் செக்ரட்டரி கஜா அண்ணனிடம் ஒரு நாள் கேட்டேன். "அண்ணே, அவன் தோத்ததே இல்லன்றீங்க. யூசுஃப் அடிச்சித்தான் பூட்டான்றீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே."

"ரெண்டும்தான்டா. தோக்கல. அநியாயமா சாஞ்சிட்டான்."

"அப்ப அந்தக் கப்பு யார் வீட்ல கீது?"

"ஓவரா பேசுற நீ."

இப்போது விரலுக்கு வருகிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உன் நல்ல போட்டோ ஒன்று வேண்டியிருந்தது. உன்னிடம் இருந்த ஒரே நல்ல போட்டோ பாண்டிபஜாரில் எடுத்தது. பிரஸ்காரர்கள் கண்ணில் இருந்த கறுப்பை எடுத்துவிட்டார்கள். யூசுஃபை வெட்டிவிட்டார்கள். ஆனால் தோளில் இருந்த கையை வெட்டினால் தோளும் போகும் என்று விரலை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு வருஷமாக மந்தைவெளிச் சுவர்களில் நீ உட்கார்ந்திருந்தாய், தோளில் ஆள் இல்லாத நாலு விரலோடு. ஒருத்தன் அது அம்மன் கை என்றான். கஜா அண்ணன் அது தன் கை என்றார். "ஜெயிச்ச அன்னிக்கி தட்டிக் குடுத்தேன், அப்ப எடுத்தது."

போன வாரம் பேனர் வரைய வந்த ஆர்ட்டிஸ்ட் அந்தப் போஸ்டரில் கட்டம் போட்டார். பேனர் தட்டியிலும் கட்டம் போட்டார். சின்னக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பெரிய கட்டத்தில் வரைவது அவர் தொழில். தோள் கட்டத்தில் விரல் இருந்தது. வரைந்தார், ஒன்றுவிடாமல். பத்தடி உயரத்தில் நீ, முழங்கை நீளத்துக்கு ஒவ்வொரு விரல், கடைசியில் வளைந்த சுண்டு விரல். நான் சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் நேராக ராயப்பேட்டைக்குப் பஸ் பிடித்தேன்.

யூசுஃப் மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பாய், உன் கை எங்க?"

"இன்னாடா ஒளர்ற?"

"எங்க கிரவுண்டுல மாட்டிக்கினு கீது பாய். பத்தடி ஒசரத்துல. வந்து எடுத்துக்கினு போ."

விஷயத்தைச் சொன்னேன். அவன் நூலைக் கடித்துத் துப்பினான். "நான் வந்தா கொலகாரன் வந்துட்டான்னுவாங்க. ஒனக்கு எல்லாம் வெளாட்டு."

"வெளாட்டுக்குத்தான பாய் கூப்புடறேன்."

அவன் மறுபடி குனிந்தான். மெஷின் ஓடியது. நான் வெயிலில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். பின்னால் மெஷின் நின்றது.

"டேய். சுண்டு வெரலுமா வரஞ்சிகிறான்?"

"வளைவோட."

நேற்றுக் காலையில் வந்தான். கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள், நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கஜா அண்ணன் புதுச் சட்டையில், பேனரைக் காட்டி யாருக்கோ தன் கையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். யூசுஃப் கேட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து அப்படியே நின்றுவிட்டான். அண்ணாந்து பார்த்தான். "இவன் எதுக்கு வந்தான்?" என்று ஒரு குரல். நாற்காலி போடுகிற சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. எனக்கு வாயே வரவில்லை மச்சி. எனக்கு!

அந்த நேரம் பார்த்து உங்கம்மா வந்தார். மேடையில் உன் படத்துக்கு முன்னால் வைக்க கிளவுஸைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பேனரைப் பார்த்தார். யூசுஃபைப் பார்த்தார். அவனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா யூசுஃபு, கைய மட்டும் அனுப்பிட்டு நீ எங்க போய்ட்ட?"

யூசுஃப் தலையைக் குனிந்தபடி, "வரலாம்னு தெரியலம்மா" என்றான்.

உங்கம்மா திரும்பினார். "கஜா. உன் சுண்டு வெரல காட்டு."

கஜா அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இல்லம்மா, ஒரு மரியாதிக்கு..."

"இன்னா மரியாத? எம்புள்ள ஊசிக்குப் பயந்துகினு ஊட்லயே கெடந்து நோய முத்தவுட்டு செத்தான். நான் கீழாநெல்லிய நம்பினேன். அது என்னோட தப்பு. எவன் குத்தும் அவன ஒண்ணும் பண்ணல. இந்தப் புள்ளகூட சண்ட போட்டுட்டு வந்த அன்னிக்கி அவன் தூங்கவே இல்ல, தெரியுமா உங்களுக்கு? அவ்ளோ சந்தோசம். அத எடுத்துட்டு நீங்க இன்னா வெக்கப் போறீங்க?"

அவர் துண்டைப் பிரித்துக் கிளவுஸை யூசுஃபிடம் நீட்டினார். "போடு. சும்மா கெடக்குது."

மத்தியானம் குத்துவிளக்கு ஏற்றினார்கள். குத்துச்சண்டைக்கு வேறு எந்த விளக்கு ஏற்றுவது? மைக் என் கையில். கஜா அண்ணன் எழுதிக்கொடுத்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "சாம்பியனாக இருந்தவன். போன வருஷம் யூசுஃபிடம் பாயிண்டில் தோற்றவன். அவன் போட்ட சண்டையிலேயே பெரிய சண்டை அதுதான். நான் பார்த்தேன்." விசில் அடித்தவர்களும் உண்டு. எழுந்து போனவர்களும் உண்டு. டீக்கடைப் பெரிய மனுஷன் இன்றைக்கும் வலப்பக்கம், வலப்பக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர் ஒரே நாளில் திரும்புமா? ஆனால் பேனர் அங்கேயே நிற்கிறது. விரல் யாருடையது என்று கேட்கிறவனுக்கு இனிமேல் பேர் சொல்லலாம்.

யூசுஃப் ரிங்கில் ஏறி நின்றான், உன் கிளவுஸோடு. போட்டியைத் தொடங்கிவைக்க அவன் யாரோடாவது ஒரு ரவுண்டு ஆட வேண்டும். கிளப் பையன்கள் ஒருத்தரும் ஏறவில்லை. பயம் இல்லை, அவனோடு ஆடினால் நாளைக்குத் தெருவில் என்ன பேசுவார்களோ என்கிற யோசனை. அவன் அந்தச் சதுரத்துக்கு நடுவில் தனியாக நின்றான். கை தொங்கியது. நீ சொன்னது ஞாபகம் வந்தது, தனியா நின்னு டான்ஸ். மைக்கை வைத்துவிட்டு, கிடைத்த கிளவுஸை மாட்டிக்கொண்டு நான் ஏறினேன்.

இதற்கப்புறம் நடந்ததைத்தான் தெருவில் நாலு பேருக்கு விலாவாரியாகச் சொன்னேன். யூசுஃப் விட்ட லெஃப்டை நான் தட்டியது, ரைட்டுக்குக் குனிந்தது, கடைசியில் மூக்கில் ஒன்று வாங்கியும் விழாமல் நின்றது.

மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி கால் ஆடுகிறது. கிளவுஸ் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

வாங்குனதையும் சொல்லு என்றாய். வாங்க அவன் ஒன்றும் கொடுக்கவே இல்லை மச்சி. ரவுண்டும் இல்லை, மணியும் அடிக்கவில்லை. இரண்டு கயிற்றுக்கு நடுவே புகும்போது என் பின்னங்கால் மாட்டிக்கொண்டது. சாம்பியன் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கியபடி உள்ளே போனவன், ஊன்றக் கை இல்லாமல் மூக்கால் பலகையில் இறங்கினேன். யூசுஃப் என்னைத் தொடவில்லை. அவன் என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்றான்.

மொத்தக் கூட்டமும் எழுந்து எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. யூசுஃப் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கயிற்றில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தான். உங்கம்மா சிரித்தார். எழுந்து போனவர்களில் இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று திரும்பி வந்து அவர்களும் சிரித்தார்கள். பிறகு அவன் பல்லால் நாடாவை அவிழ்த்து ஒரு கிளவுஸைக் கழற்றிவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தான். பின்னால் நின்று தோளில் கையை வைத்துக்கொண்டான், நான் எழுந்திருக்கிறவரைக்கும். நாலு விரல். கடைசி விரல் கொஞ்சம் குத்தியது. இப்போதும் அந்த இடம் தெரிகிறது.

யூசுஃப் போகும்போது என்னிடம் விட்டுப்போன கிளவுஸை உங்கம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். தெருவில் சொன்ன நாலு பேரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சத்தியமாக. மூக்கு வீக்கம் மட்டும் கொஞ்சம் வடியட்டும்.